ஒரே கட்டை, ரெண்டு பேரு: நாட்டையும் வராளியும் மியூஸ்ஸ்கோரில் மாட்டிய கதை

(இது ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். நொட்டேஷன் சாப்ட்வேர் பத்திப் பேசுறப்பல்லாம் வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கிறேன். "டி ஷார்ப் வாசிச்சா இ ஃபிளாட்டா விழுது. கார்டு பேரு அடிச்சா வேற என்னமோ நிக்குது. என்ன பண்றது?"

ஒரே வரியில பதில் சொல்லணும்னா, "அந்த நோட்டைத் தேர்வு பண்ணி ஜே பட்டனை அழுத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ஏன் அழுத்தணும், எங்க அழுத்தக்கூடாதுங்கிறது தெரியாம அழுத்தினா என்ன ஆகும்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால கதையாவே சொல்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நோட்டு

நான் ராஜபாளையத்துல பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பாட்டு டீச்சர் இருக்காங்க. வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. பஸ் ஏறினா அரை மணி நேரம். என்கிட்ட கீபோர்டு படிக்கிற பிள்ளைகள்ல சில பேர் அவங்ககிட்ட பாட்டும் படிக்கிறாங்க.

அவங்ககிட்ட ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு இருக்கு. திருப்பாவை முப்பதும் சுரப்படுத்தி, அவங்க கையெழுத்துல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைச்ச வழி. ஆண்டாள் பிறந்த ஊர்ல மார்கழிக்கு அந்த நோட்டு வெளிய வராம இருக்காது. போன ஐப்பசியில என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்து. கீபோர்டு பிள்ளைங்களும் சேர்ந்து வாசிக்கிற மாதிரி அஞ்சு கோட்டு நொட்டேஷன்ல போடு. காகிதம் உதிர ஆரம்பிச்சிருச்சு"ன்னாங்க. நோட்டைக் கையில வாங்கினப்பவே ஓரம் பொடிப்பொடியா ஒட்டிக்கிச்சு.

நான் மியூஸ்ஸ்கோர் உபயோகிக்கிறேன். இலவசம், நல்லா இருக்கு. மிடி கீபோர்டை ஒயர்ல மாட்டி, முதல் அஞ்சு பாட்டை ரெண்டே ராத்திரியில வாசிச்சு ஏத்திட்டேன். ப்ளே போட்டுக் கேட்டேன், எல்லாம் சரியா இருந்துச்சு. பதினாலு பிரதி எடுத்துக்கிட்டுப் பெருமையா பஸ் ஏறினேன்.

"ரிஷபத்தைத் தூக்கினது யாரு?"

முதல் பாட்டு, மார்கழித் திங்கள், நாட்டை ராகம். எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு, ரெண்டு பேர்கிட்டயும் படிக்கிற பிள்ளை, என் பேப்பரைப் பார்த்துச் சுரம் பாடுது. இறங்கி வர்ற இடத்துல "ம ரி ஸ"ன்னு வரணும். அது நாட்டையோட முகம் மாதிரி. அந்தப் பிள்ளை சுதி சுத்தமா "ம க ஸ"ன்னு பாடுச்சு.

டீச்சரோட தாளம் போட்ட கை அப்படியே நின்னுருச்சு. "அங்க ரிஷபத்தைத் தூக்கிட்டுக் காந்தாரத்தை உக்கார வச்சது யாரு?"

பிள்ளை பேப்பரைக் காட்டுச்சு. "சார் பேப்பர்ல இ-தான் டீச்சர் போட்டிருக்கு. இ ஃபிளாட். இ-ன்னா க-ன்னு சார்தான் சொல்லிக்கொடுத்தாரு."

அதுதான் சார் செஞ்ச வேலை. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. சி-தான் ஸ, டி-தான் ரி, இ-தான் க. அதைச் சொல்லிக்கொடுத்தது நான். பேப்பர்ல இருந்ததைத்தான் அது பாடுச்சு. ப்ளே போட்டா இந்தத் தப்பு காதுக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா ஒரே கட்டை, ஒரே சத்தம். எழுத்துல மட்டும் இருக்கிற தப்பு இது. பேப்பரைப் படிக்கிறவங்க வாயில வந்த பிறகுதான் வெளிய தெரியும்.

பன்னிரண்டு கட்டை, பதினாறு பேரு

மேல்நாட்டு சங்கீதத்துல இதை என்ஹார்மோனிக்னு சொல்றாங்க. டி ஷார்ப்பும் இ ஃபிளாட்டும் கீபோர்டுல ஒரே கறுப்புக் கட்டை, எழுதும்போது ரெண்டு பேரு. நமக்கு இது புதுசு இல்லை. கர்நாடக சங்கீதத்துல ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரஸ்தானம், ஆனா பேரு பதினாறு. நாலு இடத்துல ரெண்டு ரெண்டு பேரு. சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம். ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே இடம். மேல தைவத நிஷாதத்துக்கும் இதே கணக்கு.

அப்ப ஏன் ரெண்டு பேரு? ஏழு சுரமும் ஆளுக்கு ஒண்ணா நிக்கணும், அதுக்குத்தான். நாட்டையில அந்தரகாந்தாரம், அதாவது இ, ஏற்கெனவே "க"ங்கிற நாற்காலியில உக்கார்ந்திருக்கு. அதுக்குக் கீழ இருக்கிற கறுப்புக் கட்டை "ரி"யாத்தான் இருக்க முடியும். ஸ்டாஃப்ல அது டி ஷார்ப். அதை இ ஃபிளாட்னு எழுதிட்டா பேப்பர்ல ரெண்டு காந்தாரம் இருக்கும், ரிஷபமே இருக்காது.

72 மேளகர்த்தா கணக்கே இந்த நாற்காலி ஏற்பாட்டுல நிக்குது. ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6, மத்தியமம் 2. பெருக்கினா 72. இந்த இரட்டைப் பேரை எடுத்துட்டா அதுல 40 மேளம், விவாதி மேளங்கள், காணாமலே போயிடும். நாட்டை 36-வது மேளமான சலநாட்டையோட குடும்பம். அதுவும் அந்த நாற்பதுல ஒண்ணு.

பழைய முறையில ரிஷபத்துக்கு ர, ரி, ரு. காந்தாரத்துக்கு க, கி, கு. மத்தியமத்துக்கு ம, மின்னு அசை வச்சாங்க. "ரு"வும் "கி"யும் ஒரே கட்டைதான். ஆனா "ரு"ன்னு எழுதினதைக் "கி"ன்னு படிக்க யாருக்கும் தோணாது. ரொம்பத் தெளிவான ஏற்பாடு.

சாப்ட்வேர் ஏன் இ ஃபிளாட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?

மிடி கீபோர்டுல நீங்க அந்தக் கட்டையை அழுத்தினா கம்ப்யூட்டருக்குப் போறது ஒரு எண் மட்டும்தான். நடு சி 60, அதுக்கு மேல இருக்கிற இந்தக் கட்டை 63. ரிஷபமா காந்தாரமான்னு அந்த 63-க்குத் தெரியாது. பேரு வைக்கிற பொறுப்பு சாப்ட்வேர் தலையில விழுது.

அது எப்படி வைக்குது? சுரங்களை பஞ்சம வரிசையில நிறுத்திப் பாருங்க. சி-யிலிருந்து வலப்பக்கம் ஜி, டி, ஏ, இ, பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப், டி ஷார்ப். ஒன்பது அடி நடந்தாத்தான் டி ஷார்ப். இடப்பக்கம் எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட். மூணே அடி. கீ சிக்னேச்சர் சி-ன்னு இருந்தா பக்கத்து வீட்டுப் பேரைத்தான் எடுக்கும். மேல்நாட்டுப் பாட்டுக்கு இந்த ஊகம் முக்கால்வாசி சரியா வரும். நாட்டையைப் பத்தி யாரும் அதுக்குச் சொல்லித்தரலை.

நான் செஞ்ச மாத்தம், வரிசையா

முதல்ல, சுருக்கு வழி. தப்பா விழுந்த நோட்டைத் தேர்வு பண்ணி ஜே அழுத்துங்க. இ ஃபிளாட் டி ஷார்ப்பா மாறும், சத்தம் மாறாது. திரும்பத் திரும்ப அழுத்தினா டபுள் ஷார்ப், டபுள் ஃபிளாட் வரைக்கும் சுத்திவரும். எனக்கு முதல் நாள் ஜே அழுத்தி ஒண்ணுமே நடக்கலை. கால் மணி நேரம் முழிச்சேன். அப்புறம் பார்த்தா, பாட்டு வரி அடிக்கிறதுக்குப் போட்ட தமிழ் கீபோர்டு அப்படியே இருக்கு. நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு இது நடக்கும். முதல்ல இங்கிலீஷ் கீபோர்டுக்கு மாத்திட்டு அப்புறம் சாப்ட்வேரைத் திட்டுங்க.

ரெண்டாவது, நிரந்தர வழி. நாட்டைக்குன்னு ஒரு கீ சிக்னேச்சரை நாமளே செஞ்சுக்கலாம். மாஸ்டர் பேலட்ல கீ சிக்னேச்சர் பகுதிக்குப் போய், டி-க்கு ஒரு ஷார்ப், ஏ-க்கு ஒரு ஷார்ப் இழுத்துப் போட்டு, அதை ஸ்கோர்ல வச்சிருங்க. மேல்நாட்டுப் புத்தகத்துல இப்படி ஒரு சிக்னேச்சர் கிடையாது, பரவாயில்லை. அதுக்கப்புறம் மிடியை விட்டுட்டுக் கம்ப்யூட்டர் கீபோர்டுல எழுத்தை அடிங்க. டி அடிச்சா டி ஷார்ப்பாவே விழும். ரி-ன்னு நினைச்சு டி அடிக்கிறோம், ரி-யாவே நிக்குது. இதுல இன்னொரு லாபம், என்ன சுரம் எழுதுறோம்னு ஒவ்வொரு தடவையும் நாம யோசிக்க வேண்டியிருக்கு.

மூணாவது, ஒரு எச்சரிக்கை. டூல்ஸ் மெனுவுல எல்லா சுரத்துக்கும் பேரை மறுபடி வைக்கிற கட்டளை ஒண்ணு இருக்கு, ரீஸ்பெல் பிட்சஸ். எதையும் தேர்வு பண்ணாம அதைப் போட்டா முழு ஸ்கோரையும் தொடும். நான் பாதி வரைக்கும் கையால திருத்திட்டு, மீதியை அது பார்த்துக்கும்னு போட்டேன். திருத்தினதையும் சேர்த்துத் தன்னோட ஊகத்துக்கே கொண்டுபோயிருச்சு. கண்ட்ரோல் இசட் இருக்கிறதால பிழைச்சேன்.

நாலாவது, ஃபைல் அனுப்புறது. வயலின் வாசிக்கிற பையனுக்கு மிடி ஃபைலா அனுப்பினேன். அவன் திறந்தா மறுபடி இ ஃபிளாட். மிடியில எண் மட்டும்தான் இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன்! அனுப்புறதா இருந்தா மியூசிக்எக்ஸ்எம்எல்லா அனுப்புங்க. அதுல சுரத்தோட எழுத்து தனியா, ஷார்ப்பா ஃபிளாட்டாங்கிறது தனியா பதிவாகுது. பேரு பத்திரமாப் போய்ச் சேரும்.

கார்டு பேரு

இப்ப கார்டு. நாட்டையில கார்டு போடுறதே சரியான்னு ஒரு சண்டை இருக்கு, அதை இன்னொரு நாள் வச்சுக்குவோம். பிள்ளைங்க இடது கைக்கு ஏதாவது வேணும்னு ரொம்பக் கம்மியாப் போட்டேன். சி மேஜர், இ மைனர், அப்புறம் ப-நி-ரி மூணும் சேர்ந்த ஒண்ணு. ஜி, பி, டி ஷார்ப். அது ஜி ஆக்மென்டட்.

மிடியில வாசிச்சப்ப அது ஜி, பி, இ ஃபிளாட்டா விழுந்திருந்துச்சு. நானும் பேப்பர்ல இருந்த எழுத்தைப் பார்த்து இ ஃபிளாட் ஆக்மென்டட்னு பேரு அடிச்சுட்டேன். ஆக்மென்டட் கார்டு ஸ்தாயியைச் சமமா மூணாப் பிரிக்கிறது. அதே மூணு கட்டைக்கு ஜி, பி, இ ஃபிளாட்னு மூணு பேரும் வைக்கலாம், சத்தத்தை வச்சு இதுதான்னு சொல்ல முடியாது. ஆனா பேரைப் பார்த்த பையன் இடது கையில அடி சுரமா இ ஃபிளாட்டை அழுத்துறான். பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்துல அடியில ரிஷபம் உறுமுது. முதல்ல சுரத்தோட எழுத்தைத் திருத்துங்க, அப்புறம் கார்டு பேரை எழுதுங்க. வரிசை மாறக்கூடாது.

இன்னொரு தப்பு. கார்டு பேரைக் கண்ட்ரோல் கே போட்டு எழுதணும். ஸ்பேஸ் தட்டினா அடுத்த இடத்துக்குப் போகும். நான் சில இடத்துல அவசரத்துல கண்ட்ரோல் டி போட்டு எழுதிட்டேன். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா அது வெறும் எழுத்து, சாப்ட்வேருக்கு அது கார்டுன்னு தெரியாது. சுதி மாத்தும்போதுதான் குட்டு வெளிப்படும். சுரமெல்லாம் நகர்ந்துரும், அந்தப் பேரு மட்டும் பழைய இடத்துலயே நிக்கும்.

ஐந்தரைக் கட்டை

சுதி மாத்தத்தான் வேண்டியிருந்துச்சு. பொண்ணுங்க பாடுறது ஐந்தரைக் கட்டை. அந்தக் கறுப்புக் கட்டைக்கும் ரெண்டு பேரு, ஜி ஷார்ப், ஏ ஃபிளாட். எதுல எழுதுறது?

நாட்டையை ஜி ஷார்ப்ல எழுதினா ரிஷபம் ஏ டபுள் ஷார்ப், காந்தாரம் பி ஷார்ப், நிஷாதம் எஃப் டபுள் ஷார்ப். எந்தப் பிள்ளையும் படிக்காது. ஏ ஃபிளாட்ல எழுதினா ரிஷபம் பி, காந்தாரம் சி, நிஷாதம் ஜி. சுத்தமா வந்துருது. அந்த ஆக்மென்டட் கார்டு இப்ப என்ன ஆகுது தெரியுமா? இ ஃபிளாட், ஜி, பி. இ ஃபிளாட் ஆக்மென்டட்! நான் முதல்ல தப்பா வச்ச அதே பேரு, அதே மூணு கட்டை, இங்க சரியான பேரு. ஏன்னா ஸ நகர்ந்துருச்சு, பஞ்சமம் இப்ப இ ஃபிளாட். பேரு சரியா தப்பாங்கிறது, ஸ எங்க இருக்குன்னு பார்த்துத்தான்.

வராளி

இதெல்லாம் முடிஞ்சு நிம்மதியா இருக்கும்போதுதான் நாலாவது பாட்டு ஞாபகம் வந்துச்சு. ஆழிமழைக் கண்ணா. வராளி ராகம். அன்னைக்கு டீச்சர் வீட்டுல அந்தப் பாட்டு வரைக்கும் போகவே இல்லை.

வராளியைப் பத்தி ஒரு நம்பிக்கை இருக்கு, பாட்டு படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குரு அதைச் சிஷ்யருக்கு நேரடியாச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கொடுத்தா ரெண்டு பேருக்கும் ஆகாமப் போயிரும்னு. டீச்சர் அந்தக் காலத்து ஆள். அந்தப் பாட்டை மட்டும் எதிர்ல உக்கார வச்சுச் சொல்லித்தர மாட்டாங்க. "கேட்டுக்கோ, பேப்பரைப் பார்த்துக்கோ"ன்னு விட்டுருவாங்க.

அப்படின்னா அந்த ஒரு பாட்டுக்குப் பிள்ளைங்களுக்கு வழிகாட்டி என் பேப்பர்தான். நாட்டையில தப்பு வந்தா நிறுத்த டீச்சர் கை இருக்கு. வராளியில நிறுத்த யாரும் இல்லை. நான் என்ன எழுதினேனோ அதுதான் அவங்களுக்குப் பாடம்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஃபைலைத் திறந்தேன். வராளியில சுத்த ரிஷபம், சுத்த காந்தாரம், பிரதி மத்தியமம். பழைய அசையில ர, க, மி. ஸ சி-யில இருந்தா ரி டி ஃபிளாட். காந்தாரம், இ-யிலிருந்து ரெண்டு படி இறங்கி, இ டபுள் ஃபிளாட். கீபோர்டுல அது சாதாரண வெள்ளைக் கட்டை டி. பஞ்சம வரிசையில டி ரெண்டே அடி, இ டபுள் ஃபிளாட் பத்து அடி. சாப்ட்வேர் எதை எடுத்திருக்கும்னு சொல்லவே வேண்டாம். பக்கம் முழுக்க டி. "ஸ க ரி க ம"ன்னு போக வேண்டிய இடம் பேப்பர்ல "ஸ ரி ரி ரி ம"ன்னு இருந்துச்சு. ஒரு காந்தாரம்கூட இல்லை. எனக்கு வேர்த்துருச்சு.

ஜே அழுத்தி ஒண்ணொண்ணா மாத்தினேன். ஐந்தரைக்கு நகர்த்தும்போது டிரான்ஸ்போஸ் பெட்டியில ஒரு தேர்வு இருக்கு. ஒற்றை ஷார்ப், ஒற்றை ஃபிளாட் மட்டும் போதுமா, டபுளும் வேணுமான்னு கேட்கும். விவாதி ராகம்னா டபுளை அனுமதிங்க. இல்லைன்னா நீங்க கஷ்டப்பட்டு வச்ச காந்தாரத்தை மறுபடி ரிஷபமாக்கிரும். நாட்டைக்கு ஏ ஃபிளாட் நல்லா இருந்துச்சு, வராளிக்கு ஜி ஷார்ப்தான் தேவலை. ரிஷபம் ஏ, காந்தாரம் பி ஃபிளாட், தைவதம் இ. மத்தியமமும் நிஷாதமும் டபுள் ஷார்ப், அதைத் தவிர்க்க முடியலை. ஒரே சுதி, ஒரே கட்டை, பாட்டுக்குப் பாட்டு வேற பேரு. பிள்ளைங்களுக்குக் குழப்பம் வரும்னு ஒவ்வொரு சுரத்துக்குக் கீழயும் ஸ-ரி-க-மவைத் தமிழ்லயும் எழுதிட்டேன். வராளிக்குக் கார்டே போடலை. ஸ-வும் ப-வும் மட்டும் சுதியா நிக்கட்டும்னு விட்டுட்டேன்.

நமக்கு முன்னாடி செஞ்சவங்க

இந்த வேலையில நாம முதல் ஆள் இல்லை. சின்னசாமி முதலியார் 1890-கள்லயே சென்னையில கர்நாடக சங்கீதத்தை அஞ்சு கோட்டுல அச்சுப்போட்டாரு. நமக்குப் பக்கத்துல எட்டயபுரத்துல 1904-ல சுப்பராம தீட்சிதரோட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வந்துச்சு. ஈய எழுத்து ஒவ்வொண்ணாக் கோத்து, கமகத்துக்குத் தனிக்குறி போட்டு அச்சடிச்சாங்க. அங்க தானா பேரு வைக்கிற எந்திரம் கிடையாது. எது ரிஷபம், எது காந்தாரம்னு ஒரு மனுஷன் முடிவு பண்ணித்தான் எழுத்தைக் கோக்கணும். நமக்கு வேகம் கிடைச்சிருக்கு. அந்த முடிவை நாமதான் இப்பவும் எடுக்கணும்.

ஒண்ணு ஒத்துக்கணும். எவ்வளவு சரியா எழுதினாலும் பேப்பர்ல இருக்கிறது சுரத்தோட பேரு மட்டும்தான். நாட்டை ரிஷபத்தை அசைச்சுப் பிடிக்கிற பிடி எந்த டி ஷார்ப்லயும் வராது. அதுக்கு டீச்சர் வேணும். ஆனா பேரே தப்பா இருந்தா டீச்சர் சொல்லித்தர்றதும் பேப்பர் சொல்றதும் பிள்ளை மண்டைக்குள்ள முட்டிக்கும்.

ரெண்டாவது தடவை பிரதி எடுத்துக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை பெருமை இல்லை, பயம்தான். டீச்சர் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, அஞ்சு கோட்டை விட்டுட்டு அடியில இருந்த தமிழ்ச் சுரத்தை விரல் வச்சுப் படிச்சாங்க. வராளிப் பக்கத்துல ரொம்ப நேரம் விரல் நின்னுச்சு. "காந்தாரம் காந்தாரமா இருக்கு"ன்னாங்க. அப்புறம், "மீதி இருபத்தஞ்சு எப்பப்பா?"ன்னாங்க.

இப்ப பதினேழாவது பாட்டுல இருக்கேன். மிடி ஒயரைக் கழட்டி வச்சாச்சு. எழுத்து எழுத்தாத்தான் அடிக்கிறேன்.

உங்களுக்கு இதே மாதிரி எந்த ராகத்துலயாவது சாப்ட்வேர் பேரை மாத்தி வச்ச கதை இருந்தா எழுதி அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம். அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.